அரைவாழ்வுக் காலமும் வரலாற்றுக் காலமும்: இலங்கைக் கனிமத்திலிருந்து மட்டக்களப்பு வாவிக்கரை வரை

1

மட்டக்களப்புப் பிரதேசத்தின் பழைமையை எடுத்துரைக்கும் நூல்களுள் மட்டக்களப்பு மான்மியம் முதன்மையானது. எப்.எக்ஸ்.சி. நடராசா அவர்களால் 1962ஆம் ஆண்டு பதிப்பிக்கப்பெற்ற இந்நூல், அரசர் வருகையையும் கோயிற் பணிகளையும் குடிகளின் உரிமைகளையும் கூறுமிடத்துக் கலியாண்டுக் கணக்கைக் கையாள்கின்றது. அங்கு ஆண்டெண் வெறும் கணக்கன்று. இன்ன குடியினர்க்கு இன்ன கோயிலில் இன்ன முதன்மை உண்டு என்பதை நிலைநாட்டும் சான்றாகவே அது நிற்கின்றது. முந்தியவர் எவரோ அவரே உரியவர் என்னும் கருத்து, நிலவுடைமைச் சமூகமொன்றின் உரிமைக் கோட்பாட்டை அப்படியே பிரதிபலிப்பதாகும்.

இன்று கலியாண்டுக்கு உரியதாயிருந்த இடத்தைக் கதிர்த்தொழிற்பாட்டுக் காலக்கணிப்பு கைப்பற்றிக் கொண்டுள்ளது. ஏதேனுமொரு கரித்துண்டுக்கு ஆய்வுகூடம் வழங்கிய ஆண்டெண்ணைச் சுட்டி, ‘விஞ்ஞானமே கூறிவிட்டது’ என முடிப்பது மேடைப் பேச்சுகளில் மாத்திரமன்றி, ஆய்வுக் கட்டுரைகளிலும் வழக்காகிவிட்டது. எண் மாறியுள்ளது, எண்ணைப் பயன்படுத்தும் முறை மாறவில்லை. எனவே, அந்த எண்ணுக்கு அடிப்படையாகிய அரைவாழ்வுக் காலம் எவ்வாறு, எவரால், எத்தகைய சமூகச் சூழலில் அளக்கப்பட்டது என்பதை வரலாற்று முறையில் நோக்குவது அவசியமாகின்றது. அவ்வளவீட்டின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓரிடமுண்டு என்பது பலர் அறியாத செய்தி.

1931இல் இலண்டனில் நடந்த விஞ்ஞான வரலாற்று மாநாட்டில் சோவியத் அறிஞர் போரிஸ் ஹெசன், நியூற்றனின் இயக்கவியலை அக்காலக் கப்பலோட்டம், சுரங்கத் தொழில், போர்க்கலை ஆகியவற்றின் தேவைகளோடு இணைத்துக் காட்டினார். விஞ்ஞான உண்மையை அது தோன்றிய உற்பத்திச் சூழலோடு இணைத்துக் காண்பதனால் அதன் உண்மைத்தன்மை குறைவதில்லை. அதன் எல்லைகளே தெளிவாகின்றன. இக்கட்டுரையும் அந்நோக்கினையே மேற்கொள்கின்றது.

2

கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளொன்றின் அணுக்களுள் சரிபாதி சிதைவதற்கு எடுக்கும் காலமே அதன் அரைவாழ்வுக் காலம் எனப்படும். எஞ்சிய பாதியிற் பாதி சிதைவதற்கும் அதே காலமே எடுக்கும். வெப்பமோ அமுக்கமோ இரசாயனச் சேர்க்கையோ இவ்வீதத்தைப் பொதுவாக மாற்றுவதில்லை. ஒரு தனி அணு எப்போது சிதையும் என்பதை எவராலும் கூறமுடியாது. ஆயின் கோடிக்கணக்கான அணுக்களின் திரள் எவ்வாறு குறையும் என்பதை மிகுந்த துல்லியத்துடன் கூறலாம். இது திரளுக்குரிய விதி, தனியனுக்குரியதன்று. இதனைச் சமூகவியலுக்கு உவமையாக்க விரும்புவோர் உளர். அத்தகைய மேலோட்டமான ஒப்புமைகளை இயங்கியல் வேண்டிநிற்பதில்லை.

இவ்விதி முதலிற் புலப்பட்டது தோரியத்திலாகும். கனடாவின் மொன்றியல் நகரில் மக்கில் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய இரதர்போர்ட், தோரியத்திலிருந்து வெளிப்படும் வாயுவின் வீரியம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பாதியாகக் குறைவதை 1900இல் வெளியிட்டார். இன்றைய அளவீட்டின்படி அது 55.6 செக்கன். அடுத்து, சொடி என்னும் இளம் இரசாயனவியலாளருடன் இணைந்து, தோரியத்திலிருந்து ‘தோரியம் எக்ஸ்’ எனப் பெயரிடப்பட்ட பகுதியைப் பிரித்தெடுத்தார். 1901 திசம்பர் விடுமுறை கழிந்து ஆய்வுகூடம் திரும்பியபோது, பிரித்தெடுத்த பகுதி தன் வீரியத்தை இழந்திருந்தது. வீரியமிழந்திருந்த தோரியமோ அதனை மீளப்பெற்றிருந்தது. ஒன்றின் தேய்வும் மற்றதன் வளர்ச்சியும் ஒரே கால அளவில், ஏறத்தாழ நான்கு நாளுக்குப் பாதியாக, நிகழ்ந்தமை கண்டறியப்பட்டது. ஒரு தனிமம் இன்னொரு தனிமமாக மாறுகின்றது என்னும் முடிவு இதிலிருந்தே பிறந்தது. மாறாதது எனக் கருதப்பட்ட அணுவுக்கும் வரலாறு உண்டு என்பது நிறுவப்பட்டது.

3

இவ்வாய்வுகளுக்கு வேண்டிய தோரியம் எங்கிருந்து வந்தது? அதன் தேவையை முதலில் உருவாக்கியது ஆய்வுகூடமன்று, தெருவிளக்கு. ஒஸ்திரிய இரசாயனவியலாளர் அவுவர் வொன் வெல்ஸ்பாக் உருவாக்கிய வாயுவிளக்கு வலைகள் பெரும்பாலும் தோரியம் ஒட்சைட்டினால் ஆனவை. ஐரோப்பிய நகரங்கள் இரவில் ஒளிபெறத் தோரியம் தேவைப்பட்டது. பிரேசிலின் கடற்கரை மணலும், 1909இன் பின்னர் தெற்குத் திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சிப் பகுதி மணலும் அத்தேவையை நிறைவுசெய்தன. குடியேற்ற நாடுகளின் கனிவளங்களைக் கணக்கெடுப்பது பேரரசின் முறையான அலுவலாக அக்காலத்திலேயே உருப்பெற்றிருந்தது.

இலங்கைக் கனிப்பொருள் ஆய்வு அந்த அலுவலின் ஓர் உறுப்பாகும். 1903 முதல் 1906 வரை அதனை நெறிப்படுத்தியவர் பின்னர் கலைவரலாற்று அறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான அவர், தமது அறிவு வாழ்வைத் தொடங்கியது புவிச்சரிதவியலாளராகவே. சப்பிரகமுவப் பகுதியின் மணிக்கல் படிவுகளிலிருந்து கிடைத்த, கரிய நிறமும் கனத்த எடையும் கொண்ட கனசதுர மணிகள், இலண்டன் பேரரசு நிறுவனத்தில் டன்ஸ்ரன் என்பாரால் பகுப்பாய்வு செய்யப்பெற்று, 1904இல் ‘தோரியனைற்’ எனப் பெயரிடப்பட்டன. அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட். எஞ்சியதில் கணிசமானது யுரேனியம்.

இக்கனிமம் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இராம்சேயின் ஆய்வுகூடத்தை அடைந்தது. அங்கு வந்திருந்த ஜேர்மானிய இளைஞர் ஒட்டோ ஹானிடம், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட உப்பிலுள்ள இரேடியத்தைப் பிரித்தெடுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. இரேடியத்தைத் தேடியவருக்கு 1905இல் கிடைத்தது முன்னறியாத ஒரு பொருள். தோரியத்தினும் பன்மடங்கு வீரியமுள்ள அதற்கு அவர் ‘இரேடியோதோரியம்’ எனப் பெயரிட்டார். அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1.9 ஆண்டு.

இதனை அடுத்து எழுந்த சிக்கல் நமது நோக்கில் மிக முக்கியமானது. சந்தையில் விற்பனையான தோரிய உப்புகளின் வீரியம் ஒரே அளவினதாக இல்லை என்பதை அமெரிக்கரான போல்ற்வுட் முதலியோர் அவதானித்தனர். பேர்லினுக்குத் திரும்பிய ஹான், தோரியம் உற்பத்தி செய்த நொஃப்லர் நிறுவனத்திடமிருந்து வெவ்வேறு ஆண்டுகளில் தயாரிக்கப்பட்ட உப்புகளைப் பெற்று ஒப்பிட்டார. புதிய உப்பு வீரியம் மிக்கதாகவும், சில ஆண்டு கடந்தது வீரியம் குன்றியதாகவும், மேலும் பழையது மீண்டும் வீரியம் பெற்றதாகவும் காணப்பட்டன. தோரியத்துக்கும் இரேடியோதோரியத்துக்கும் இடையில், உற்பத்தியின்போது அகற்றப்பட்டுவிடும் இன்னொரு பொருள் இருத்தல் வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று. 1907இல் அறிவிக்கப்பட்ட அப்பொருளே ‘மெசோதோரியம்’. அதன் அரைவாழ்வுக் காலம் சில ஆண்டுகள் என்பதும் இந்த ஒப்பீட்டினாலேயே அறியப்பட்டது. இன்றைய பெறுமானம் 5.75 ஆண்டு.

இங்கு நிகழ்ந்ததை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பல ஆண்டு காத்திருக்க வேண்டிய ஓர் அளவீட்டைக் காத்திருக்காமலே செய்ய முடிந்தமைக்குக் காரணம், தொழிற்சாலையின் இருப்பிலிருந்த போத்தல்களுக்கு உற்பத்தி ஆண்டு தெரிந்திருந்தமையே. கந்தோர்ப் பதிவேட்டின் திகதி பௌதிகவியலின் கடிகாரத்துக்கு முள்ளாக அமைந்தது. இயற்கையின் கால அளவு ஒன்று சமூக உழைப்பின் கால அளவைப் பற்றிக்கொண்டே வெளிப்பட்டது எனலாம். அதே வேளை, அந்த உழைப்பாளர் எவரது பெயரும் விஞ்ஞான வரலாற்றில் இல்லை. மணிக்கல் குழிகளிற் சேறு அரித்தவர்கள் மூலப்பொருளின் பிறப்பிடமாகிய ‘இலங்கை’ என்னும் ஒரு சொல்லுக்குள் மறைந்து போயினர்.

4

இலங்கைக் கனிமத்தின் பங்கு இதனுடன் முடிவடையவில்லை. இரேடியோதோரியத்தைத் தோரியத்திலிருந்து எந்த இரசாயன முறையாலும் பிரிக்க முடியவில்லை. இரசாயன இயல்பில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு வாழ்நாளில் மாத்திரமே. ஒன்றின் அரைவாழ்வு இரண்டு ஆண்டுக்கும் குறைவு. மற்றதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1400 கோடி ஆண்டு. ஆவர்த்தன அட்டவணையில் ஒரே தானத்தில் அமரும் இத்தகைய அணுக்களுக்கு, வைத்தியரான மார்கரெற் ரொட் கூறிய கிரேக்கச் சொல்லைச் சொடி 1913இல் வழங்கினார். அதன் பொருளை நன்குணர்ந்து ஆக்கப்பட்டதே ‘சமதானி’ என்னும் ஈழத்துத் தமிழ்க் கலைச்சொல்.

சமதானிகள் உண்மையாக உள்ளன என்பதற்கு எடைச் சான்று தேவைப்பட்டது. தோரியம் சிதைந்து முடிவில் ஈயமாகின்றதெனில், அந்த ஈயம் சாதாரண ஈயத்தினும் கனமானதாக இருத்தல் வேண்டும் என்பது சொடியின் எதிர்வுகூறல். யுரேனியம் குறைந்த தோரைற் என்னும் இலங்கைக் கனிமத்திலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்து, சொடியும் ஹைமனும் 1914இல் அதன் அணுநிறையை அளந்தனர். சாதாரண ஈயத்துக்கு 207.2 ஆக இருக்க, இதற்கு 208.4 கிடைத்தது. யுரேனியக் கனிமங்களின் ஈயம் 206ஐ அண்மித்திருந்தது. சொடி 1921ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெறுதற்குக் காரணமாயிருந்த ஆய்வுகளுள், இலங்கை மண்ணிலிருந்து சென்ற ஈயமும் ஒன்று.

1400 கோடி ஆண்டு என்னும் அரைவாழ்வை அளப்பது எவ்வாறு என்னும் வினா எழலாம். அங்கு காத்திருத்தல் பயனற்றது; எண்ணுதலே வழி. ஒரு கிராம் தோரியத்தில் ஏறத்தாழ 4,060 அணுக்கள் செக்கனொன்றுக்குச் சிதைகின்றன. அந்த ஒரு கிராமில் உள்ள மொத்த அணுக்களின் எண்ணிக்கை எடையிலிருந்து பெறப்படும். மொத்தத்தில் எத்தனையில் ஒரு பங்கு ஒரு செக்கனிற் சிதைகின்றது என்பது தெரிந்தால் அரைவாழ்வைக் கணிக்கலாம். எனவே அரைவாழ்வுகள் மூவகையில் அளக்கப்பட்டன: குறுகியவற்றைக் கண்ணெதிரே தேயவிட்டு, இடைப்பட்டவற்றை ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்து, நெடியவற்றை எண்ணியும் நிறுத்தும். எண்ணுதற்கு மின்கருவிகள் பெருகுமுன், இருட்டறையில் அமர்ந்து, நாக சல்பைட்டுத் திரையில் அல்பாத் துணிக்கைகள் எழுப்பும் ஒளிப்பொறிகளைக் கண்ணாலே எண்ணவேண்டியிருந்தது. கண் களைப்பதால் எண்ணுவோர் முறைமாற வேண்டும். துல்லியம் என்பது உடலுழைப்பின் பெறுபேறாகவும் இருந்தது.

5

வரலாற்றாசிரியருக்கு நேரடியாகப் பயன்படுவது காபன்-14. அதன் அரைவாழ்வு தோரியத்தைப்போல நெடியது. ஆகவே எண்ணியும் நிறுத்தும் அளக்கவேண்டியது. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்திற் பணியாற்றிய வில்லார்ட் லிப்பி, போர் முடிந்தபின் சிக்காகோவில் இம்முறையை உருவாக்கினார். அளவீட்டுக்கு வேண்டிய செறிந்த காபன்-14 அணு உலைகளிலிருந்தே கிடைக்கக் கூடியதாயிருந்தது. தெருவிளக்கு வலை வகித்த பாத்திரத்தை இப்போது போர்த்தொழில் வகித்தது.

1949இல் ஓர் அளவீடு 5720 ஆண்டு என்றது. எனினும் லிப்பி வேறு மூன்று அளவீடுகளின் நிறையிட்ட சராசரியாகிய 5568 ஆண்டினை ஏற்றுக்கொண்டார். 1962இல் கேம்பிரிட்ஜில் கூடிய ஆய்வாளர், புதிய அளவீடுகளைக் கொண்டு 5730 ஆண்டே உண்மைக்கு அணித்தானது எனக் கண்டனர். ஆயின் அதற்குள் பெருந்தொகையான கணிப்புகள் பழைய எண்ணால் வெளியாகிவிட்டன. குழப்பம் நேராதிருக்க, வெளியிடப்படும் ‘மரபுவழி’ வயதுகளைப் பழைய 5568 கொண்டே கணிப்பதென உடன்பட்டனர். இன்றும் அவ்வழக்கே நிலவுகின்றது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ நூற்றுக்கு 3. மரபுவழி வயது 2500 ஆயின் 75 ஆண்டு. ஆகவே ஆய்வுகூடம் முதலில் தரும் எண் நாட்காட்டி ஆண்டன்று; ஆய்வாளர் சமூகத்தின் உடன்பாடொன்றைத் தன்னுட் கொண்ட இடைநிலை எண்ணாகும்.

அதனை நாட்காட்டி ஆண்டாக மாற்றுதற்கு ஆண்டு வளையங்கள் எண்ணப்பட்ட மரங்கள் முதலியவற்றைக் கொண்டு அமைந்த திருத்தக் கோடு தேவை. லிப்பியே தமது முறையின் நம்பகத்தை முதலிற் சோதித்தது, எகிப்திய மன்னர் சமாதிகளிலிருந்து பெற்ற, காலம் தெரிந்த மரத்துண்டுகளைக் கொண்டாகும். பேர்லின் உப்புப் போத்தல்களின் கதையே இங்கும் தொடர்கின்றது: பௌதிகவியல் வரலாற்றுக்குக் காலத்தைத் தருமுன், வரலாற்றிடமிருந்து காலத்தைக் கடன்பெற்றது.

தென்னாசிய வரலாற்றுக்கு இதில் தனிச் சிக்கலொன்று உண்டு. திருத்தக் கோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் ஏறக்குறைய மட்டமாகச் செல்கின்றது. ஆய்வாளர் இதனை ஹால்ஸ்ராற் சமதளம் என்பர். 2450 அளவிலான மரபுவழி வயது, இந்நீண்ட இடைவெளியின் பெரும்பகுதியில் எந்த ஆண்டையும் குறிக்கலாம். அநுராதபுரத்துப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், பொருந்தலின் நெல்மணிகளுக்குக் கூறப்பட்ட கி.மு. 490, 2019இல் வெளியான கீழடி அறிக்கையின் கி.மு. 580 ஆகிய யாவும் இச்சமதளத்திலோ அதன் விளிம்பிலோ அமைகின்றன. எழுத்து முதலில் எங்கு தோன்றியது என்ற போட்டி எக்காலப் பகுதியில் மிகத் தீவிரமோ, அக்காலப் பகுதியிலேயே இயற்கைக் கடிகாரம் மிகவும் மங்கலாக உள்ளது. மண்ணடுக்கு, மட்பாண்ட வகை, பல மாதிரிகளின் ஒப்பீடு ஆகியவற்றோடு சேர்த்தே இவ்வெண்களை மதிப்பிடலாம். அவற்றைத் தனியே பிரித்து வெற்றி முழக்கமாக்குவது, அகழ்ந்தவர்களின் உழைப்புக்கே இழைக்கும் அநீதியாகும்.

6

இவ்வறிவோடு மட்டக்களப்பு வாவிக்கரைக்குத் திரும்புவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிக்கின்றது. மாரியில் வயல்வெள்ளமும் கோடையிற் கடல்நீரும் இதில் மேலோங்கும். வெள்ளம் வயல்களை மூடும்போது முகத்துவார மணற்றிட்டை வெட்டிவிடுவதும் உண்டு. இத்தகைய நீரில் வளர்ந்த சிப்பியொன்றைக் காபன் முறையாற் கணித்தால் என்ன நேரும்? கடல்நீரின் காபன், வளியின் காபனைவிடப் பழையது; உலகக் கடல்களின் சராசரி வேறுபாடு ஏறத்தாழ 400 ஆண்டு. வாவிச் சிப்பி எவ்வளவு கடல்நீரையும் எவ்வளவு ஆற்றுநீரையும் உண்டு வளர்ந்தது என்பதற்கேற்ப இது மாறும். நேற்று இறந்த சிப்பியும் நூற்றாண்டுகள் பழையதாகத் தோற்றும். அவ்வாறே கோயிற் கதவின் முதிரை மரம், மரத்தின் உள்வளையம் வளர்ந்த காலத்தைக் கூறுமேயன்றித் தச்சன் உளிபிடித்த காலத்தைக் கூறாது. மாதிரி எது, எங்கு, எந்த அடுக்கில் எடுக்கப்பட்டது என்னும் வினாவுக்கு விடையின்றி எண்ணுக்குப் பொருளில்லை.

பொருள் உள்ளவிடத்தும் அது கூறுவது என்ன? ஓர் உயிரி வளியிலிருந்து காபனைப் பெறுவதை எப்போது நிறுத்தியது என்பதை மாத்திரமே. கதிரவெளியிலுள்ள பெருங்கற்காலக் கல்லறைகளைப் போன்றவற்றில் கிடைக்கக்கூடிய கரித்துண்டு, அத்தீயை மூட்டியவர் எம்மொழி பேசினார் என்பதைக் கூறாது. அவர்தம் வழியினர் எவர் என்பதையும் கூறாது. நிலத்துக்கு உறுதி எழுதும் ஆற்றல் எந்தச் சமதானிக்கும் இல்லை.

இது ஏட்டளவிலான எச்சரிக்கையன்று. 2020 யூன் மாதத்தில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கெனச் சனாதிபதிச் செயலணி நியமிக்கப்பட்டபோது, தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையினராய் வாழும் மாகாணத்தின் அச்செயலணியில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. தொன்மை இங்கு அறிவின் பொருளாகவன்றி அதிகாரத்தின் கருவியாகக் கையாளப்பட்டது. இதனை எதிர்ப்பது கடமை. ஆனால் எதிர்ப்போர் எத்தளத்தில் நிற்கின்றனர் என்பதும் வினாவே. ‘எமது எண் உமது எண்ணினும் பழையது’ என விடையளிப்போமாயின், முந்தியவரே உரியவர் என்னும் மான்மியக் கோட்பாட்டை இருதரப்பும் ஏற்றுக்கொண்டதாகவே முடியும். அக்கோட்பாடு போடியாருக்குக் காணியையும் முல்லைக்காரருக்குக் கூலியையும் பங்கிட்ட அதே கோட்பாடாகும். வாவியில் வலைவீசுவோரும், படுவான்கரை வயலில் வியர்வை சிந்துவோரும், தமிழராயினும் முஸ்லிம்களாயினும் வேடராயினும் சிங்களவராயினும், அந்நிலத்தில் வாழும் உரிமையைத் தம் உழைப்பினால் உடையவர். 2500 ஆண்டுச் சான்றிதழ் காட்டி அதனைப் பெறவேண்டியவரல்லர்.

காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றுத் தமிழுக்கு வந்தவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும், மறைந்துபோன யாழ்களை அதிர்வெண் கணக்குக் கொண்டு ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டவரும் அவரே. அளவீட்டை அவர் அழைத்தது பெருமைக்குச் சான்று கூறவன்று, அறியாததை அறிவதற்கு. அவருக்குப்பின் வந்த தமிழியல் ஆய்வு, அவரிடமிருந்து மரபுப் பற்றை எடுத்துக்கொண்ட அளவுக்கு அளவீட்டு ஒழுக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அரைவாழ்வுக் காலத்தின் வரலாறு நமக்குத் தரும் பாடம் அந்த ஒழுக்கமே. இரதர்போர்ட் முதல் கேம்பிரிட்ஜ் மாநாடு வரை, ஒவ்வோர் எண்ணும் தன் வழுவெல்லையைத் தன்னுடனேயே சுமந்து வந்தது. தவறெனக் கண்டபோது திருத்தப்பட்டது. திருத்தியதும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. கிழக்கிலங்கையின் வரலாற்றை எழுதுவோர் காபனின் ஆண்டெண்ணை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதன் வழுவெல்லையைக் கைவிடுவாராயின், அவர் எழுதுவது மீண்டும் ஒரு மான்மியமே. வழுவெல்லையையும் சேர்த்து எழுதும்போதுதான் வரலாறு தொடங்குகின்றது.